கண்ணாடி முன்னால் நின்ற பூட்ஸ்

அத்தை,

சிலாப்பிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் திறந்ததும் ரெக்ஸின் வாடை குப்பென்று அடித்தது. அடுத்த வாரம் மறுபடியும் பனியன் கண்காட்சிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அதே குளிர் தேசம். பூட்ஸை வெளியே எடுத்து, தலைகீழாகத் தட்டி, தேள் பூரான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். உங்களோடு ஒரே வீட்டில் இருந்த மருமகளுக்கு இதெல்லாம் தானாக வந்துவிடுகிறது.

உங்களுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பீர்கள். பாக்கெட் பாலை மோந்து பார்ப்பீர்கள். கூரியர் கொண்டுவருபவரிடம் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போட மாட்டீர்கள். அப்படிப்பட்டவர், கம்பெனியில் என்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று முதல் முறை சொன்னபோது, "செரி கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பருப்பு கடையப் போனீர்கள்.

உங்கள் மகனிடம் சொன்னேன். "அம்மா ஒண்ணுஞ் சொல்லலீல்ல, அப்பறமென்ன?" என்றார். ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயம். நீங்கள் ஒரு தடவை வேண்டாம் என்றால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். தையல் மெஷினில் உட்கார்ந்து தொடங்கி, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆனவள் நான். என் சாம்பிள்களை நானே கொண்டுபோய்க் காட்டும் வாய்ப்பு அதுதான் முதல். அது உங்கள் ஒரு சொல்லில் இருந்தது.

அந்தக் குளிருக்கென்று வாங்கிய பூட்ஸ் வேறு படுத்தியது. கடையில் இருந்தது ஒரே ஜோடி. உயரக் குதி, தோல் மாதிரி பளபளக்கும் ரெக்ஸின். போட்டால் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நம் ஊரில் எதற்கும் வைத்தியம் ஸ்டீம்தானே. சுருங்கின பனியனா, ஸ்டீம் கொடு. கோணின காலரா, ஸ்டீம் கொடு. எங்கள் கம்பெனிப் பேட்டர்ன் மாஸ்டர் தூத்துக்குடிக்காரர். "எக்கா, ஈரத்துணியப் போட்டு ஒரு ஸ்டீம் விடுங்க, இளகிரும்" என்றார். விட்டோம். ரெக்ஸின் என்ன பருத்தியா, இளக? இடது பூட்ஸில் உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுவென்று ஒரு தழும்பு விழுந்ததுதான் மிச்சம். இனிக் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார். வேறு வழியில்லாமல் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து ஹாலில் வைத்தேன்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் சுவரைப் பார்க்க வைத்த பூட்ஸ் சாயங்காலம் வாசலைப் பார்த்து நிற்கும். உருட்டித் திணித்த வேஸ்ட் மடிந்திருக்கும். நான் இன்னும் போட்டே பார்க்காத தடித்த காலுறை துவைத்துக் கொடியில் காயும். பகலில் வீட்டில் இருப்பது நீங்கள் ஒருத்தர்தான். ஜிப்பை இழுத்துப் பார்த்தேன், தையலை நகத்தால் நெருடிப் பார்த்தேன். நேராகத் தடுக்க மனசில்லாமல், பூட்ஸைக் கெடுத்து என்னை நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

"அத்தை, பூட்ஸ எடுத்தீங்களா?"

"உன்ற ஜோட்ட நா எதுக்குக் கண்ணு தொடறன்?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

ஒருநாள் வீட்டில் மறந்துவிட்ட பாஸ்போர்ட்டை எடுக்க மத்தியானம் வந்தேன். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினேன், வேண்டுமென்றேதான். உள்ளே டொக், டொக் என்று சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தீர்கள். பீரோக் கண்ணாடி முன்னால் வந்ததும் நின்றீர்கள். பக்கவாட்டில் திரும்பினீர்கள். கழுத்தை வளைத்துக் குதியைப் பார்த்தீர்கள்.

மணி அடித்தேன். கதவு திறக்க நேரமாயிற்று. "சித்த கண்ணசந்துட்டன்" என்றீர்கள், மூச்சு வாங்க. நான் உங்கள் பாதத்தைப் பார்த்தேன். விரலெல்லாம் சிவந்து கன்றிப்போயிருந்தது.

"என்னங்கத்தை இது?"

"என்ற காலு உன்றதவிட அகலம். நா நடந்தா இளகிக் குடுக்கும்னு பார்த்தன். போற ஊர்ல கால் கடிச்சுதுன்னா உனக்கு அங்க யாரு இருக்கறா?"

கோபமாகத்தான் சொன்னீர்கள். முட்டிவலியில் மாடிப்படி ஏறாத மனுஷி.

பூட்ஸ் கடிக்கவே இல்லை அத்தை. நாள் முழுக்க அதில் நின்றே பேசி ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. பூட்ஸ் இளக வேண்டுமானால் சமையலறையில் நடந்தால் போதாதா? கண்ணாடி எதற்கு? கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் முறைத்தீர்கள். இப்போது முறைக்கவும் நீங்கள் இல்லை. உங்கள் மகனிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார், எனக்குப் பொறுக்காது.

இந்தத் தடவையும் இதை மனசில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறப்போகிறேன். முதல் முறை போய்த் திரும்பியபோது, உங்கள் முட்டிக்கு ஆகும் என்று அந்த ஊரில் தேடித் தேடி ஒரு செருப்பு வாங்கி வந்தேன். தட்டையாக, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. கையில் வாங்கி அழுத்திப் பார்த்தீர்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அப்புறம் உங்கள் மகன் பக்கத்தில் இல்லைதானே என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்:

"ஏங் கண்ணு, இதுக்குக் குதி இல்லையா?"