மூன்று பக்கம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

காலை ஆறு முதல் ஒன்பது வரை நான் நாவல் எழுதும் நேரம். யாரும் கதவைத் தட்டக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். இன்று ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால், வீட்டு வேலை செய்யும் மாரியம்மாள் நிற்கிறாள். அவள் வீட்டுக் கூரை ஒழுகுவதால், கர்ப்பமாயிருக்கும் மகளின் ஆஸ்பத்திரி ஃபைல் என் அறை பீரோவில்தான் இருக்கிறது. அதை வாங்க ஏழு மணிக்கே வந்திருக்கிறாள். ஸ்கேனுக்குப் போகவேண்டிய திருநெல்வேலி பஸ் போய்விட்டது.

"தட்ட வேண்டியதுதானே?"

"நீங்க எழுதுதீங்கல்லாம்மா. நாளைக்குப் போய்க்கிடுதோம்."

உள்ளே நான் முதல் பக்கத்தையே பன்னிரண்டாவது முறையாக, கான்வென்ட் கையெழுத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு வரிகூட இல்லை.

"இன்னைக்கு எவ்வளவும்மா ஆச்சு?" என்று அவளே கேட்டாள்.

"மூணு பக்கம்."

"அப்பம் சரிம்மா" என்று சிரித்தாள்.