தாளில் வராத ஸ்ரீ

ஆக. 21, 1989, திங்கள்
தூறல். மதியம் வரை கரண்ட் இல்லை. நல்லம்பள்ளி பெரியசாமி, மகன் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து என் பிரஸ் மேஜையில் வைத்தார்.

"ஏனுங்க பாய், சாமி பேருக்கு முன்னால ஸ்ரீ எங்கீங்க?"

ஒன்றில்கூட இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. தாளில் அந்த இடம் காலி. வரியின் ஆரம்பம், அதனால் என் கண்ணுக்கும் படவில்லை. மறுபடி அடித்துத் தருகிறேன் என்றேன்.

"டீக்கடையில முருகேசன் சொன்னாருங்க, பாய் கம்ப்யூட்டர் வாங்குனதே ஸ்ரீயை எடுக்கத்தான்னு. நான் நம்பலீங்க."

நம்பாதவர் ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்? ஈய எழுத்தில் எத்தனை ஸ்ரீ அடித்திருக்கும் இந்தக் கை. முருகேசன் அடுத்த தெரு பிரஸ்காரர். இனி மு. அந்தப் பேருக்கு அவ்வளவு மை போதும்.

ஆக. 22, செவ்வாய்
அதியமான்கோட்டைக் கும்பாபிஷேக நோட்டீஸ் கைவிட்டுப் போனது. மு.விடம்தான். "தப்பா நெனச்சிக்காதீங்க பாய்" என்றார்கள்.

செய்து பார்த்தவை:
அளவு மாற்றி — இல்லை.
பிரிண்டரை அணைத்துப் போட்டு — இல்லை.
க்ஷ — அதுவும் இல்லை.
தடித்த எழுத்தில் — வந்தது! மெல்லிய எழுத்தில்தான் கோளாறு.

வீட்டில் மனைவி ஜமீலா இரண்டு தடவை சோற்றைச் சூடு பண்ணினாள்.

ஆக. 24, வியாழன்
டிரங்க் கால். தமிழ் எழுத்து ஃப்ளாப்பி விற்ற பெங்களூர்க்காரர் கிடைத்தார். "ஸ்கிரீனுக்கு ஒரு ஃபைல், பிரிண்டருக்கு ஒரு ஃபைல் சார். மெல்லிசுல பிரிண்டர் ஃபைலுக்குக் கூட்டெழுத்து ஏறல. ஸ்ரீயை மட்டும் தடிச்சதுல போட்டு, சைஸைக் கொஞ்சம் கொறச்சிடுங்க. வித்தியாசம் தெரியாது."

போட்டேன். வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

போனை வைக்கும்முன் அவரே சொன்னது: "உங்க ஊரு முருகேசனும் இதே ஃப்ளாப்பிதான் வாங்கியிருக்காரு. நான் ஹூப்ளி போறேன், வர நாளாவும். நீங்களே சொல்லிடுங்க."

சொல்றேங்க என்றேன். சொல்லமாட்டேன்.

ஆக. 29, செவ்வாய்
வெயில். மு. கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டாராம். ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார். முதல் வேலை சொந்த மகள் கல்யாணப் பத்திரிகை. ஆவணி கடைசி முகூர்த்தம். சந்தோஷத்தில் வெங்காயம் வாங்க மறந்து வீட்டில் திட்டு.

செப். 1, வெள்ளி
ஜும்மா முடிந்து வரும்போது காதில் விழுந்தது. மு.வுக்கும் ஸ்ரீ வரவில்லை; பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி அடித்திருக்கிறார். கோணல். சம்பந்தி வீட்டார் முகத்திலேயே விட்டெறிந்தார்களாம்: "மொதல் எழுத்தே சாஞ்சு கெடக்குது, எங்க வூட்டுக்கு இது ஆவாதுங்க."

டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன்.

செப். 2, சனி
வந்தார். மு.வை உட்காரச் சொல்லவில்லை. பெரியசாமியின் புதுப் பத்திரிகையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எப்படிங்க பாய் வரவச்சீங்க?"

"நான்தான் ஸ்ரீயை எடுக்குறவனாச்சுங்களே."

தலை குனிந்தது. சேலம் போய் அடித்து வர நேரமில்லை, நீங்களே அடித்துக் கொடுங்கள் என்றார். சரி என்றேன். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அடியில உங்க பிரஸ் பேரு மட்டும் வேண்டாங்க. நானும் பிரஸ் வச்சிருக்கவன். ஊரெல்லாம் நானே குடுக்கணும்."

"பேரு போடாம இங்கிருந்து ஒரு தாளும் வெளிய போவாதுங்க."

செருப்பை மாட்டினார். பிறகு தலையாட்டினார்.

ஜமீலா கேட்டாள்: "அந்தப் பொண்ணு என்னங்க பண்ணுச்சு?" பெண்ணுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஸ்ரீ அத்தனையும் நேர். அடியில் என் பிரஸ் பேர், வழக்கமான பொடி எழுத்தில் இல்லை. தடித்த எழுத்தில், மணமகள் பேர் அளவுக்கு.

செப். 5, செவ்வாய்
மறுபடி தூறல். காலையில் மு. மனைவியோடு வந்தார். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை, தட்டில் வெற்றிலை பாக்கு. "குடும்பத்தோட வந்துருங்க பாய்." அவர் கட்டைவிரல் என் பிரஸ் பேரை மறைத்திருந்தது. வாங்கிக்கொண்டு, அவர் எதிரிலேயே அடி வரியைச் சத்தமாகப் படித்தேன்.

போவேன். முதல் பந்தி.