நிக்கோல் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டான்

பிரெங்,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. கோழிக்கூட்டை மூடு.

பள்ளி வாசலில் துப்பாக்கியோடு வந்து நின்றாயே, வெட்கமாக இல்லையா? துப்பாக்கிக் குழலைப் பிடித்ததற்கு அதன் அடிக்கட்டையால் என் வாயில் அடித்தாய். முன்பல் போய்விட்டது. ரத்தத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அலறினார்கள். “தள்ளிப் போக்கா, அண்ணனுக்குப் பழிவாங்கணும்!” என்று கத்தினாய். அவன் எனக்கும் அண்ணன்தான்டா.

அவனைக் கொன்றவனின் மகன் நிக்கோல் இப்போது நம் உள்ளறையில் இருக்கிறான். நான்தான் பின்வழியாகக் கூட்டிவந்தேன்.

“டீச்சர், இது பிரெங் வீடாச்சே!” என்று பின்வாங்கினான்.

“வாயைத் திறடா” என்று ரொட்டியும் உப்பும் ஊட்டினேன். தின்றுவிட்டான்.

நம் மலை வழக்கப்படி, வீட்டு உப்பைத் தின்றதால் இனி அவன் உன் விருந்தாளி. அவனைத் தொட்டால் இந்த மலையில் ஒருவனும் உன் முகத்தில் விழிக்க மாட்டான். சித்தப்பா பையன்கள் அவனைத் தேடி வருவார்கள். அவனை அவர்கள் கொன்றால், விருந்தாளிக்காகப் பழிவாங்கி அவர்களைக் கொல்ல வேண்டியவன் நீ. அதனால் அந்தத் துப்பாக்கியோடு நம் வாசலில் உட்கார்.

மற்ற பிள்ளைகளை அவரவர் வீட்டில் விடப் போகிறேன்.

அக்கா

பயத்தில் நிக்கோலின் கால்சட்டை நனைந்துவிட்டது. அண்ணனுடையதைக் கொடுத்திருக்கிறேன். பார்த்து அழுகை வந்தால் அழு. அவன் எதிரில் மட்டும் வேண்டாம்.