உன் அம்மா கிள்ளிவிட்ட சால்வியா

நயேலி,

அம்மாவின் கல்லறையைக் கழுவப் போகிறேன். தமாலே அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. அத்தை வந்தால் மாடி அறைச் சாவியைக் கொடு.

இறந்தோர் நாள் படையலுக்கான செண்டுமல்லி வாளியில் இருக்கிறது. தோட்டத்தில் வெயில் பக்கத்து ஊதா சால்வியாவை மட்டும் வெட்டாதே. மழை ஓய்ந்தபின் தேனீக்களுக்கு வேறு பூ இல்லை என்று நேற்றும் சொன்னேன்.

"அம்மா செத்ததுக்கே அழாத மனுஷன், தேனீக்கு மட்டும் உருகுறீங்களேப்பா!" என்றாய். நான் எழுதும் கதையாக இருந்தால், அந்தத் தேனீயாவது உனக்கு ஏதேனும் சொல்லியிருக்கும்.

ஜூன் மாதம், இறப்பதற்குச் சில நாள் முன்பு, உன் அம்மா அந்தச் சால்வியாவின் நுனிகளைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய இடமெல்லாம் இரண்டாகக் கிளைத்து இப்போதுதான் பூத்திருக்கிறது. அடுத்த ஆண்டும் அது பூக்கும்; ஆனால் அந்தக் கிளைகள் அவள் கைபட்டவையாக இருக்கமாட்டா.

அப்பா

பின்குறிப்பு: இதைப் படிக்குமுன்பே வெட்டியிருந்தால், தண்ணீரில் போட்டுவை. கோபிக்க மாட்டேன். இப்போதெல்லாம் கோபமும் வருவதில்லை.