இரண்டாவது விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் புதுக் கிளையும் நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. கோபத்தில் இருக்கிறேன், பிறகு கேட்கிறேன். நாலு நாளாக நான் போனை எடுக்கவில்லை என்று கத்தியிருப்பாய். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய வேலைநீக்கக் கடிதம் வந்தது. ஓவனைப் பார்த்துக்கொள்ளும் கடிகார அண்ணனிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாய். ஒரு நாளும் ஒரு நிமிடம் பிந்தி வராத மனிதர் என்று சின்ன வயதில் நாம்தானே அந்தப் பெயரை வைத்தோம்? நம் பேக்கரியில் மாவு பிசையும் மெஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றதில்தான் அவர் காது போயிற்று. வேறெங்கோ போய்க் கெடுத்துக்கொண்டு வரவில்லை.

ஓவன் மணி கேட்கவில்லை, மணி அடிக்கும்போது எரிகிற மாதிரி இரண்டு சிவப்பு விளக்கு வேண்டும் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தார். ஓவன் மேல் ஒன்று, என் மேஜைக்கு எதிரே ஒன்று. நீ என்ன சொன்னாய்? "இது பேக்கரியா, தர்ம ஆஸ்பத்திரியா? ஒருத்தருக்குச் செஞ்சா நாளைக்கு எல்லாரும் வரிசையில நிப்பாங்க. அதுவும் ஓவன் ஒண்ணு, லைட்டு ரெண்டா?" என்று சிரித்தாய்.

உனக்குச் சுமை இல்லை என்று சொல்லவில்லை. மாவு விலையும் கடன் தவணையும் எனக்கும் தெரியும். ஆனால் புதுக் கிளையின் பெயர்ப்பலகையைச் சுற்றி எத்தனை விளக்கு மாட்டியிருக்கிறாய்? நீ அனுப்பிய போட்டோவில் எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டேன். வயிறு எரிகிறது.

இப்போது, வேலைநீக்கத்துக்கு நீ காரணமாக எழுதியிருக்கும் அந்தக் கருகிய ரொட்டி விஷயம். அன்றைக்கு அண்ணன் சாப்பிடப் போகத் தயங்கினார். நான்தான் "மணி அடிச்சா நான் பாத்துக்கறேன், போங்க" என்று வீராப்பாக அனுப்பினேன். மணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தேன். புகை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். மறுநாள் நீ வந்து தாம்தூம் என்று குதித்தபோது அவர் வாயே திறக்கவில்லை. வெட்கங்கெட்டவள், நானும் திறக்கவில்லை.

எனக்கும் காது கேட்பதில்லை, தம்பி. ஒரு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்து, இப்போது சுத்தமாகப் போய்விட்டது. என் மேஜையும் அதே மெஷின் பக்கத்தில்தானே இருக்கிறது? வாயசைவைப் பார்த்தே சமாளித்துவிட்டேன். அவர் மட்டும் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். இரண்டாவது விளக்கை எனக்காகத்தான் கேட்டிருக்கிறார். என் பெயரைச் சொல்லாமல் உன் சிரிப்பையும் வாங்கிக்கொண்டார்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். பிடிக்கவில்லை என்றால் வேலைநீக்கக் கடிதம் இரண்டாக எழுது, ஒன்று என் பெயருக்கு. போன் செய்யாதே, அது அடிப்பது எனக்குத் தெரியாது.

நீ நன்றாக இரு. கடை பெருகட்டும். உன் காது கடைசிவரை நன்றாகக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன்
அக்கா