மெஷின் சொன்ன வயது

மார்ச் 3
எங்கள் தடயவியல் லேபுக்கு ரசாயனம் கலக்கும் ரோபோ வந்துவிட்டது. வருஷக்கணக்கில் நச்சரித்து வாங்கியது. டி.என்.ஏ.வின் மேல் வயதோடு கூடுகிற அடையாளங்களைப் படித்து ஒருவரின் வயதைக் கணிக்கிறோம். அதற்கு முன் ஒவ்வொரு குழாயிலும் ரசாயனம் கலக்க வேண்டும். உறிஞ்சுகுழாயின் பொத்தானை அழுத்தி அழுத்தி என் வலது கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். இனி அதன் பாடு.

மார்ச் 9
முதல் பேட்ச். அதில் ஒரு பெண், திருட்டு வழக்கு. பிறப்புச் சான்று இல்லை. அம்மா பதினாறு என்கிறாள், போலீஸ் பத்தொன்பது என்கிறது. மெஷின் இருபத்து நாலு என்கிறது! பதினெட்டைத் தாண்டினால் பெரியவர்களோடு சிறை. டைரக்டருக்குக் குஷி. "பாத்தீங்களா, இழுபறியே இல்ல. ரிப்போர்ட்டைச் சீக்கிரம் அனுப்பிடுங்க."

மார்ச் 11
சும்மா என் ரத்தத்தையும் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்திரண்டாம். எனக்கு நாற்பத்து நாலு. வீட்டுக்காரர், "மெஷினாவது உண்மையைச் சொல்லுதே" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கும் எட்டு வயதைக் கூட்டியிருந்தால்?

மார்ச் 12
கண்டுபிடித்துவிட்டேன். ஏன்தான் கண்டுபிடித்தேனோ. அந்த ரசாயனம் தேன் மாதிரி கெட்டி. கையால் எடுக்கும்போது மெதுவாக உறிஞ்சி, சற்றுப் பொறுத்துத்தான் தூக்குவோம். இதைச் செய்முறையில் யாரும் எழுதி வைக்கவில்லை, கை தானாகச் செய்யும். ரோபோ தண்ணீர் எடுப்பதுபோல் வெடுக்கென்று எடுக்கிறது. பாதி காற்று. ரசாயனம் போதாவிட்டால் இல்லாத அடையாளமும் இருப்பதாகத் தெரியும், வயது கூடிவிடும்.

மெஷினைச் சரிபார்க்க பேட்சோடு வைத்த, வயது தெரிந்த ரத்தக் குழாய் மட்டும் எப்படித் தேறியது? அது போன மாதம் நான் கையால் கலந்த மிச்சம். வீணாக்க வேண்டாமே என்று வைத்தோம். கெட்டிக்காரத்தனம்!

சொன்னால் மெஷினை மூடி வைப்பார்கள். பழையபடி நான்தான். சொல்லாவிட்டால்— ச்சே, என்ன யோசனை இது.

மார்ச் 13
சொன்னேன். டைரக்டர் முகம் தொங்கிப்போனது. "அடுத்த வாரம் மந்திரி வர்றாரும்மா, இப்பப் போய்... எப்படியும் அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டுக்கு மேலதான இருக்கும்?"
"தெரியாது சார். மொத்த பேட்சையும் கையால பண்ணிடறேன்."
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 17
விரல். எழுத முடியவில்லை.

மார்ச் 19
என் ரத்தம் நாற்பத்தைந்து. அவள், பதினாறு. திரும்பச் செய்தேன், பதினாறு. இரண்டொரு வருஷம் முன்பின் இருக்கலாம் என்பதையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது. மந்திரி வரவில்லை. டைரக்டர் என்னோடு பேசுவதில்லை. அப்பாடா, படுக்க வேண்டும்.

ஏப்ரல் 22
ரோபோவுக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்தாயிற்று. சரியான வயதுதான் சொல்கிறது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மதியம் அந்தப் பெண்ணின் வக்கீல் போன் செய்தார். சிறையிலிருந்து சிறார் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பிறந்த தேதி என்று ஏதாவது எழுத வேண்டுமே, அம்மாவுக்கு நினைவில்லை. நீதிபதி என் அறிக்கைத் தேதியையே போட்டுவிட்டார். மார்ச் 19.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அந்தப் பொண்ணு கேக்குது மேடம். என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணுமில்ல, சாதாரண வேலை நாள்னு சொல்லுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.