உள்ளே இருக்க வேண்டிய சாவி

வேலம்பாளையம்
22.11.94, செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சொல்லி சாரதாமணி எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, லூதியானாவில் குளிர் தொடங்கிவிட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னார்கள். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. எப்போதும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவேன் அல்லவா, இன்றைக்கு அம்மா நம் பனியன் கம்பெனிக்குள் இருக்கிறார்கள், ஜன்னல் கம்பி வழியாகச் சொன்னதை மனசில் வாங்கிக்கொண்டு வந்து எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. அவர் கம்பெனி முன்கதவுக்கு எதிரே கட்டிலில் தூங்குகிறார். உள்ளே தையல் மிஷின் ஓடும்வரை எழுதலாம், சத்தம் நின்றால் அவருக்கு விழிப்பு வந்துவிடும்.

அம்மா சொன்ன சேதி முதலில். பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறார்கள், நூல் ஏஜெண்ட் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுவோம். ஸ்வெட்டரைப் பெட்டியில் பத்திரமாக வைக்காமல் போட்டுக்கொள்ள வேண்டுமாம். கிணற்றுத் தண்ணீர் சாயம் கலந்து மறுபடி நிறம் மாறிவிட்டது, லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. எனக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது, கணக்கை நினைத்தால்தான் பயம். குளிருக்கு என்று சிகரெட் மட்டும் பழகிவிடாதே கண்ணு என்று இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். இங்கே நடப்பதெல்லாம் அந்தப் புகையால்தான்.

தீபாவளிக்குப் பிறகு நாம் தைத்துக் கொடுத்த குழந்தை பனியன் ஒரு லாட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே செக்கிங் பார்க்கிற அக்கா ஒரு பனியனை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பச்சைக் குழந்தை போடற துணி, பீடி நாத்தம் அடிக்குது என்று அப்பா முன்னாலேயே மேசையில் வீசினார்களாம். அன்றைக்கே அப்பா பீடி, சிகரெட், தீப்பெட்டி உள்ளே கூடாது என்று என்னிடம் போர்டு எழுதி வாங்கி மாட்டினார். அவரும் பீடியை விட்டுவிட்டார் அண்ணா, இப்போது கிராம்பு மெல்லுகிறார். அதனால்தானோ என்னவோ, தான் செய்வதில் ஒரு தப்பும் அவர் கண்ணுக்குப் படவில்லை.

ஆட்கள் பீடி பிடிக்க வேண்டுமென்றால் எதிரே அப்புசாமியின் டீக்கடைக்குப் போனார்கள். டேபிளில் ஒருவர் தைத்ததை அடுத்தவர் வாங்கித் தைக்க வேண்டும், ஒருவர் எழுந்து போனாலும் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்பா கடைக்குப் போய், வேலை நேரத்தில் எங்க ஆளுங்களுக்குப் பீடி குடுக்காதீங்க என்றிருக்கிறார். அப்புசாமி, உங்க கம்பெனிக்குள்ள நீங்க ராசா, என்ற கடைக்குள்ள நான் ராசாங்க, இன்னைக்குப் பீடி குடுக்காதேம்பீங்க, நாளைக்கு டீயில சக்கரை எத்தனை போடறதுன்னும் நீங்களே சொல்லுவீங்களாட்ட இருக்குது என்றாராம். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பா முகம் சுண்டிப்போய் வந்தார். அன்று சாயங்காலமே டவுனுக்குப் போய் இரண்டு பூட்டு வாங்கி வந்தார், ஒன்று முன்கதவுக்கு, ஒன்று பின்கதவுக்கு. இரவுச் சாப்பாடு முடிந்து ஆட்கள் உள்ளே போனதும் வெளியே பூட்டிவிடுகிறார், வேலை முடிந்தால்தான் திறப்பு.

தவசி அண்ணனை உங்களுக்குத் தெரியும், ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவர், நம் லைன் வீட்டு ரூமில் குடியிருக்கிறாரே, அவர்தான் அப்பாவைப் பார்த்து, மொதலாளி, செயில்லகூட ஆளுக்கு ரெண்டு பீடி குடுப்பாங்களாமே என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை. மிஷின் என்னுது, எடம் என்னுது, கரண்டு பில்லு நான் கட்டறேன், புடிக்காதவங்க ரூமையும் காலி பண்ணிட்டுப் போலாம் என்றார். தவசி அண்ணனும் அவர் சம்சாரம் முத்துப்பேச்சி அக்காவும் உடனே மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்கு வருகிற பெண்களின் வீட்டிலிருந்து யாரும் கேட்டுவிடக் கூடாது என்று அம்மாவையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறார். என்ற பொண்டாட்டியே உள்ளே இருக்கறா, அப்புறம் யாருக்கு என்ன பயம் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகள் கிடக்கிற இடத்தைக் கூட்டிப் பெருக்கப் போனேன். பின்கதவுப் பக்கம், காற்றாடி புகையை வெளியே இழுக்கிற இடத்தில், மூட்டைகளுக்கு நடுவில் பீடித் துண்டுகள் கிடந்தன. ஒரு பனியன் துண்டில் ஐந்து பைசா அகலத்துக்குக் கருகின ஓட்டை. முன்பு தெருவில் பற்றவைத்த நெருப்பு இப்போது பஞ்சுக்குப் பக்கத்திலேயே எரிகிறது அண்ணா. அம்மாவிடம் காட்டினேன், அம்மா அந்தத் துண்டை என் கையோடு சேர்த்து மூடிக்கொண்டார்கள். பீடி தவசி அண்ணனுடையதுதான் என்று அம்மாவுக்குத் தெரியும், அப்பாவிடம் சொன்னால் அவர் குடும்பம் அன்றைக்கே தெருவில் நிற்கும். சொல்லாவிட்டால், பூட்டியிருக்கும்போது தீப்பிடித்தால் உள்ளே இருக்கிற யாரும் வெளியே வர முடியாது. அம்மா தவசி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, தொறந்து கெடந்தா நெனப்பே வராதுக்கா, பூட்டுற சத்தம் கேட்டதும் கை தானா மடியில இருக்கற பீடிக்குப் போவுது என்று அழுதாராம். இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியமும் செய்தார். இன்றைக்கு மறுபடி வாடை வந்ததாம்.

அம்மா காரணம் சொல்லாமல், பூட்டு வேண்டாங்க என்று மட்டும் அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தார்கள். தொறந்துவிட்டா அப்புசாமி முன்னால நான் தலையைக் குனியோணும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் சொன்னாத்தான் கேப்பாரு, எழுது கண்ணு என்று அம்மா ஜன்னலில் நின்று சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் இந்தக் கடிதம் உங்களிடம் வந்து, நீங்கள் எழுதி, அது இங்கே வருவதற்குள் எத்தனை இரவு பூட்டுவார் அண்ணா.

பின்கதவுப் பூட்டின் இன்னொரு சாவி சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் இருந்தது. இப்போது என் கையில் இருக்கிறது. வெளியே தொங்குகிற அந்தப் பூட்டைத் திறந்து, உட்பக்கத் தாழ்ப்பாளில் மாட்டச் சொல்லி, சாவியை அம்மா மடியில் கொடுத்துவிடப் போகிறேன். கதவு பூட்டியே இருக்கட்டும், யாரும் டீக்கடைக்குப் போக வேண்டாம், சாவி மட்டும் உள்ளே இருக்கட்டும். காலையில் அப்பா பார்த்துவிடுவார். அம்மா மேல் கோபம் போகக் கூடாது, தவசி அண்ணன் பெயரும் வெளியே வரக் கூடாது. அதனால் நீங்கள் போன கடிதத்தில் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தீர்கள் என்று சொல்லப் போகிறேன். உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறவள் நான்தானே.

அப்பா ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். அதற்குள் இது உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும் என்று சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று தெரியும், ஊருக்கு வரும்போது வேண்டுமானால் அதற்கு என்னை அடியுங்கள். அம்மா உங்களுக்கு நூறு வயசு இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் சொன்னார்கள். மறக்காமல், கேட்டதும் யோசிக்காமல், ஆமாங்கப்பா, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள் அண்ணா.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உங்கள் தங்கை
சாரதாமணி